கரண்டு போச்சு

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க தம்பி. இந்த ஃபைல் மடங்கக் கூடாது. கலெக்டர் கைக்குப் போகிற ஃபைல். ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு எதிர்காற்று ஆகாது.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என்னைப் பார்த்து என்ன கேட்டான், கவனித்தீங்களா? "என்னங்கண்ணா, கரண்டு வந்துருச்சுங்களா?" நீங்க சிரிக்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது, நீங்க எங்க ஊர் இல்லை. எங்க நத்தக்கரட்டில் இப்போது என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக இதைத்தான் கேட்கிறார்கள். சொல்கிறேன். டவுன் போய்ச் சேர முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஒருத்தராவது முழுசாகக் கேட்டுவிட்டு நியாயம் சொல்லட்டும்.

உங்கள் மடியில் இருக்கிற பேப்பரிலேயே போட்டிருக்கிறான் பாருங்க, முதல் பக்கத்தில். மீட்பு நிதி. சட்டசபையில் ஒருத்தர் எழுந்து பற்றாது என்கிறார், இன்னொருத்தர் எழுந்து பாழ் என்கிறார். நோய் வந்தது, தொழிலெல்லாம் படுத்துவிட்டது, அதை எழுப்பி உட்கார வைக்க அரசாங்கம் பணத்தை இறக்குகிறதாம். படுத்த மாட்டின் மேல் ரூபாய் நோட்டைப் போர்த்தினால் எழுந்துவிடுமா? வெட்டிச் செலவு தம்பி. அத்தனையும் வெட்டிச் செலவு. கொடுக்கிறவனுக்கும் கூச்சம் இல்லை, வாங்குகிறவனுக்கும் கூச்சம் இல்லை.

என் பேர் சென்னியப்பன். அண்ணமார் சவுண்டு சர்வீஸ். ஐநூறு நாற்காலி, சாமியானாப் பந்தல், ஆறு கூம்பு ஸ்பீக்கர். இருபத்திரண்டு வருஷத்தில் என் மைக் ஒரு தடவை கீச்சென்று கத்தியதில்லை. அரசாங்கத்திடம் கை நீட்டாமல் உழைத்துச் சாப்பிடுகிறவன் நான். நோய்க் காலத்தில் கார்டுக்குக் கார்டு பணம் கொடுத்தார்களே, அதை வாங்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேறு எவனாவது வாங்கிக்கொள்வான். பாங்கில் வேன் கடன் தவணையைத் தள்ளி வைத்தார்கள். அது சட்டம். அது வேற, இது வேற.

எங்க பதினோராம் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். இல்லாவிட்டால் நானே நின்றிருப்பேன். சரி, வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்று அவளை நிறுத்தினேன். வசந்தாமணி. தேர்தல் நோட்டீஸை நீங்க பார்த்திருக்கணும். 'சவுண்டு சர்வீஸ் சென்னியப்பன் அவர்களின் துணைவியார்' என்று இவ்வளவு பெரிய எழுத்து. என் போட்டோ ஒரு சாண். அவள் போட்டோ கார்டில் ஒட்டுகிற அளவு. ஜனங்கள் யார் முகத்துக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதில் ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?

ஜெயித்த பிறகு அவளுக்கு நான் ஒரு சிரமம் வைத்தேனா, சொல்லுங்க. மன்றக் கூட்டத்துக்கு நான்தான் போவேன். அவள் பேர் எழுதின நாற்காலியில் நான்தான் உட்காருவேன். பதிவேட்டை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுவேன், அடுப்படியில் நின்றபடி கையெழுத்துப் போட்டுவிடுவாள். ஒரு பக்கத்தில் மஞ்சள் தீற்றியிருக்கும், ஒரு பக்கத்தில் கடுகு ஒட்டியிருக்கும். எல்லா வார்டிலும் அப்படித்தான். பொம்பளை கவுன்சிலர் ஏழு பேர், கூட்டத்தில் ஏழு வீட்டுக்காரர்கள். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் பேரூராட்சிக்குப் புதிதாக ஒரு செயல் அலுவலர் வந்தது. இ.ஓ. என்போம். இருபத்தாறு வயசுப் பெண். முதல் கூட்டத்திலேயே என்னைப் பார்த்து, "சார், நீங்க யாரு?" என்றது.

"பதினோராம் வார்டுங்க."

"பதினோராம் வார்டு உறுப்பினர் வசந்தாமணின்னு போட்டிருக்கு. உங்க பேரு வசந்தாமணிங்களா?"

ஏழு பேரையும் வெளியே அனுப்பிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏழு ஆம்பளைகள், சம்பளம் வாங்க நிற்கிறவன் மாதிரி நின்றோம். அன்றைக்கு ஆரம்பித்தது. அடுத்த கூட்டத்திலிருந்து இவள் போனாள். போனால் உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதானே? சுற்றறிக்கையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து படிக்கிறாள். குக்கர் விசில் அடிப்பது காதில் விழாமல் படிக்கிறாள். அப்போதே நான் உஷாராகியிருக்கணும்.

இந்த மீட்பு நிதியில் எங்க வார்டுக்கு வந்தது ஓடை தூர் வாருகிற வேலை. ஏரிக்குத் தண்ணீர் வருகிற ஓடை, மூன்று கிலோமீட்டர். முழுக்கச் சீமைக் கருவேல முள். அதை மிஷினை வைத்தும் செய்யலாம், ஆளை வைத்துக் கூலி கொடுத்தும் செய்யலாம், எது என்று வார்டு ஜனமே பகுதி சபை கூடிக் கை தூக்கிச் சொல்லணும் என்று உத்தரவு. இதற்கு எதற்குச் சபை? மூளை இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வான். ஜேசிபி விட்டால் நாலு நாள். ஆளை இறக்கினால் ஐம்பது நாள். நாலு நாள் வேலைக்கு ஐம்பது நாள் கூலியா? எங்க ஊரில் ஜேசிபி வைத்திருப்பது நல்லுசாமி. என் பங்காளி. அதற்காகச் சொல்லவில்லை. அவன் பங்காளியாக இல்லாவிட்டாலும் மண்ணை அள்ளும் அந்த மிஷின்.

எதிர்ப்பக்கம் யார் என்றால் நூல் மில் பொம்பளைகள். மில் மூடி இரண்டு வருஷம் ஆகிறது. எண்பது தொண்ணூறு பேர். அவர்களுக்கு முன்னால் நிற்கிறவள் மயிலாத்தாள். மில்லில் நூலைக் கோனில் சுற்றினவள். இரைச்சலிலேயே இருந்து பழகின தொண்டை, மைக் இல்லாமலேயே அடுத்த தெருவுக்குக் கேட்கும். என் தொழிலுக்கே எதிரி.

சபை அன்றைக்குச் சாயங்காலம், பள்ளிக்கூட மைதானத்தில். பந்தல் என்னுது, நாற்காலி என்னுது, மைக் என்னுது. அதற்கு வாடகை உண்டு, அந்த நிதியிலேயே கொடுத்தார்கள். அது செலவு இல்லீங்க, நிர்வாகம். மேடையில் இ.ஓ.வுக்கு வேர்க்கக் கூடாது என்று ஸ்டாண்டு ஃபேன் ஒன்று நானாகப் பிரியப்பட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அந்த ஃபேன்தான் தம்பி என் குடியைக் கெடுத்தது. வருகிறேன் அதற்கு.

முதலில் நான்தான் பேசினேன். அரைமணி நேரம். வரிப்பணம், பொறுப்பு, சிக்கனம், ஒன்று விடவில்லை. மயிலாத்தாள் நாலாவது வரிசையிலிருந்து எழுந்தாள்.

"ஏனுங்கண்ணா, மிஷின் மிஷின்னு சொல்றீங்களே, அது சோறு திங்குமுங்களா?"

"டீசல் குடிக்கும்" என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம்.

"அப்ப அடுத்த வாட்டி டீசல்கிட்டயே ஓட்டுக் கேளுங்க" என்றாள். அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். ஜனங்களுக்கு யார் பேச்சுக்குச் சிரிக்கிறோம் என்ற கணக்கே கிடையாது.

நல்லுசாமி எழுந்து, "ஐம்பது நாள் கூலின்னா ஐம்பது நாளும் மரத்தடியில தூங்குவீங்க" என்றான். "உன்ற மிஷின் போன வருசம் பாலத்துக்கடியில மாட்டிக்கிட்டு எத்தன நாள் தூங்குச்சு?" என்றாள் ஒருத்தி. ஒருத்தன் எழுந்து ஓடையே வேண்டாம், பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள் என்றான். அவனை உட்காரச் சொல்லி இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தினார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

அப்போது இ.ஓ. சொன்னது: "உறுப்பினர் பேசட்டும்." நான் எழுந்தேன். "நீங்க இல்லீங்க சார். உறுப்பினர்."

வசந்தாமணி எழுந்தாள். மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். இருபத்திரண்டு வருஷம் மைக்செட்காரன் பெண்டாட்டி, பிடிக்கத் தெரியவில்லை. நானே போய் வாய்க்கு நேராக வைத்துவிட்டு வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் குரல் மெல்லிசு, அதனால் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கியும் விட்டேன். அதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. முதல் நாள் ராத்திரி அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், 'என் கணவர் கூறியதையே நானும் வழிமொழிகிறேன்' என்று. ஒரே வரி. அந்தச் சீட்டை எடுக்கவே இல்லை.

"ஆளுங்களை வெச்சே செய்யலாமுங்க" என்றாள். "ஏன் சொல்றேன்னா, எங்க வீட்லயே பாருங்க. ரெண்டு வருசமா நாற்காலி அடுக்கினது அடுக்கினபடி கெடக்குது. ஐநூறு நாற்காலி. அதுக்குள்ள எலி குட்டி போட்டிருக்குது. நான் கழுத்துல போட்டிருக்கிறதே..."

தம்பி, நீங்களே சொல்லுங்க. வீட்டு விஷயத்தை மைக்கில் சொல்வார்களா? அதுவும் என் மைக்கில்! அவள் கழுத்தில் போட்டிருப்பது கவரிங் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அடகுக் கடைக்காரனுக்குத் தெரியும். ஆறு கூம்பு வழியாக ஊருக்கே தெரியணுமா? என் கை தானாகப் போயிற்று. ஆம்ப்ளிஃபயர் ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

குரல் நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். நான் எழுந்து கைகளை விரித்து, "கரண்டு போச்சுங்க" என்றேன்.

ஸ்பீக்கர் அடங்கினதும் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. டரக் டரக் டரக் என்று. இந்தப் பக்கம் திரும்புகிறது, அந்தப் பக்கம் திரும்புகிறது. இ.ஓ.வின் மேஜையில் காகிதம் படபடக்கிறது.

"கரண்டு போச்சுன்னா அந்த ஃபேனு எந்த ஊருக் கரண்டுல சுத்துதுங்கண்ணா?" என்றாள் மயிலாத்தாள்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. நல்லுசாமிகூடச் சிரித்தான், பங்காளி. வசந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. ஃபேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மைக்கை அதன் ஸ்டாண்டில் திருப்பி வைத்தாள், பதமாகத்தான் வைத்தாள், அதை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். மேடையை விட்டு இறங்கி நாற்காலிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு பேசினாள். பின்னால் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். என் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு!

என்ன பேசினாள் என்று எனக்கு முழுசாகக் கேட்கவில்லை. நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் தனியாக இருந்தேன். காதில் விழுந்தது இவ்வளவுதான்: இந்த ஜனத்தின் கையில் காசு இருந்தால்தான் இந்த ஊரில் விசேஷம் நடக்கும், விசேஷம் நடந்தால்தான் மளிகைக் கடை, துணிக் கடை, பூக்காரி, எங்க வீட்டு நாற்காலி எல்லாம் வெளியே வரும், மிஷினுக்கு யாரும் காது குத்தப் போவதில்லை. இப்படியே ஏதோ. பொருளாதாரம் பேசுகிறாளாம். என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

கை தூக்கச் சொன்னார்கள். ஆளை வைத்துச் செய்ய நூற்றுப் பன்னிரண்டு கை. மிஷினுக்கு முப்பத்தொன்று. எங்க வீட்டில் இரண்டு கை, இரண்டும் இரண்டு பக்கம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். சண்டை போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நான் போய் அடுப்படியில் இருந்த டேபிள் ஃபேனைப் போட்டேன், புழுக்கமாக இருக்கிறதே என்று. அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ரசிக்கவில்லை.

அதிலிருந்துதான் இந்தப் பட்டம். கரண்டு வந்துருச்சா, கரண்டு போச்சா. வேலை ஆரம்பித்தாயிற்று. தினமும் காலையில் தொண்ணூறு பொம்பளைகள் மண்வெட்டியும் கூடையுமாக எங்க வீட்டு வழியாகப் போகிறார்கள். போகும்போது இவள் வாசலில் நிற்கிறாள். பத்து மணிக்கு மேல் இவளும் ஓடைக்குப் போய் அளந்து பார்க்கிறாளாம். வேலைதான் முடிகிறதா என்று பார்த்தால், வாரம் ஒருதரம் கூலி மட்டும் முறையாகப் போகிறது.

நான் சும்மா இருப்பேனா? திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாளில் போய் ஒரு மனு கொடுத்தேன். 'மக்கள் வரிப்பணம் விரயமாவதால் மேற்படி வேலையை உடனே நிறுத்த வேண்டியது.' பெட்டியில் போட்டுச் சீல் வைத்த ரசீதும் கொடுத்தார்கள். அந்த மனு என்ன ஆயிற்று தெரியுமா? கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு ஆபீஸுக்கு இறங்கியது. அங்கிருந்து எங்க இ.ஓ.வுக்கு இறங்கியது. இ.ஓ. அதன் மேல் என்ன எழுதியது? 'சம்பந்தப்பட்ட வார்டு உறுப்பினரின் கருத்துக்கு.' அவ்வளவுதான். என் மனு நேராக என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான் குளித்துவிட்டு வருகிறேன், இவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள்.

"மனுதாரர் நீங்கதானுங்களே?" என்றாள்.

"ஆமா. என்ன இப்போ?"

"வார்டு நம்பரைப் பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க. அங்க ஓடையே இல்லை. பதினொண்ணுன்னு திருத்திக் குடுங்க, இல்லீன்னா தள்ளுபடி பண்ணிப்போடுவாங்க."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. அதனால்தான் இந்த முறை பெட்டியில் போடப் போவதில்லை. கலெக்டர் கையிலேயே. நேருக்கு நேர். புது மனு. வார்டு நம்பர் பதினொன்று. காலையில் கிளம்பும்போது தயிர்சோறு கட்டிக் கொடுத்து, "வரிசை பெருசா இருக்கும், தண்ணி எடுத்துக்குங்க" என்கிறாள். பயம் என்பதே இல்லை அவளுக்கு. நான் ஜெயிக்க வைத்த திமிர்.

இருங்க, போன். "அலோ... ஆர்? மயிலாத்தாளா? சொல்லு... நிச்சயமா? மூத்தவளுக்கா? நல்ல இடமா... சரி... நூத்தம்பது நாற்காலி, பந்தல், செட்டு. எந்தத் தேதி? ... காசா? ... அடுத்த வெள்ளிக்கிழமையா? கூலி வந்ததும் பாதி, மீதி அதுக்கடுத்த வெள்ளியா... சரி, ஊருக்குள்ள இருக்கறவதான நீ, எங்க போயிருவ... என்னது? ... கண்டிசனா? ... ஏய், என்ற செட்டுக்கு நான் உக்காராம வேற ஆரு... வசந்தாமணியா? அவளுக்கு ஸ்விட்சு எது, பிளக்கு எதுன்னு... சரி சரி, சத்தம் போடாத, பஸ்ஸுல பக்கத்துல ஆளிருக்குது. வருவா. அவளையே உக்கார வெக்கறேன். வெச்சுரு."

தம்பி, ஒரு பேனா கொடுங்க. தேதி மறந்துவிடும். காகிதம்... பரவாயில்லை, இதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. ஆவணி பதினாலு. மயிலாத்தாள். நூற்றைம்பது. ஆமாம், இதோடு இந்த ஆவணியில் பதினேழாவது புக்கிங். காதுகுத்து, சீர், நிச்சயம், வீடு பால் காய்ச்சுவது. இரண்டு வருஷமாக நின்ற வண்டி ஓடுகிறது பாருங்க. நாற்காலி பற்றாமல் பக்கத்து ஊரில் எடுத்துச் சமாளிக்கிறேன். எல்லாம் அந்த மில் தெருவில்தான். ஏன் என்று தெரியவில்லை, திடீரென்று எல்லாருக்கும் நல்ல காரியமாக நடக்கிறது. என் கைராசி. ஒரு தொழிலைப் பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் தானாக நிமிரும் தம்பி, எந்த நிதியும் வேண்டாம்.

என்ன கேட்கிறீங்க? வேலையை நிறுத்திவிட்டால் மயிலாத்தாள் வெள்ளிக்கிழமை எதைக் கொடுப்பாள் என்றா?

இந்தாங்க உங்க பேனா.

அது வேற, இது வேற.

உங்களுக்கு வயசு குறைவு, சொன்னால் புரியாது. விடுங்க. ஜன்னல் வழியாகப் பாருங்க, எந்த ஸ்டாப்? கலெக்டர் ஆபீஸா? என்ன கூட்டம் பாருங்க வாசலில். கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் வரிசை. எத்தனை பேர் அரசாங்கத்தை நம்பிக் காலையில் எழுந்து வருகிறான்! வேறு பிழைப்பே இல்லையா இவனுகளுக்கு?

"அண்ணா, கலெக்டர் ஆபீஸ்னுதான டிக்கெட் வாங்கினீங்க? எறங்கலையா?" என்கிறான். இறங்கலாம் கண்டக்டர். ஆனால் பாருங்க தம்பி, பின்பக்கம் நிச்சயதார்த்தத் தேதி எழுதின மனுவைக் கலெக்டர் கையில் கொடுக்க முடியுமா? அவர் என்ன நினைப்பார் நம்ம வார்டைப் பற்றி? திருப்பி எழுதணும். அடுத்த திங்கட்கிழமை எங்கே போய்விடப் போகிறது? அதற்கடுத்ததும் வரும். கடைவீதி ஸ்டாப்புக்கு மேற்கொண்டு எவ்வளவு, வாங்கிக்கோ கண்டக்டர். ஒரே நாளில் இரண்டு விசேஷம் விழுகிறது, இன்னொரு ஆம்ப்ளிஃபயர் பார்க்கணும். வசந்தாமணிக்கும் சுலபமாக இருக்கிற மாதிரி, ஸ்விட்ச் மேலேயே தெரிகிற மாதிரி ஒன்று.

ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி, நீங்க படித்தவர், நாலு இடத்தில் சொல்லுங்க. அந்த நிதியில் எங்க ஊரில் ஒரு ஜீவனுக்காவது காலணாப் பிரயோசனம் இருந்தது என்று எவனாவது சொல்லட்டும், நான் இந்தத் தொழிலையே...

இருங்க, மறுபடியும் அடிக்கிறது. மில் தெரு நம்பர்தான். உங்க பேனா எங்கே?